அவள் திரும்பிப் பார்க்கும் காட்சி

நடுமதியத்தில் வீட்டுக்குள் இருட்டாக இருந்தது.

அரை நாள் வேலை முடித்து வந்தவள் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாடிப்படியில் வெயில் கண்ணைக் கூச வைத்தது, கீழே யாரோ பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் தன் கையே தனக்குத் தெரியவில்லை. கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்படாதீங்க என்று தினமும் யாரிடமாவது சொல்வாள். அதையே தனக்கும் சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். முதலில் சோபாவின் விளிம்பு வந்தது. பிறகு சாப்பாட்டு மேஜை. அதற்குப் பின்னால் படுக்கையறை வாசல்.

அந்த வாசலில், நிலைச்சட்டத்தின் மேல்பக்கத்தை இடது கையால் பிடித்தபடி, ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது.

கைப்பை நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா, லைட்டப் போட்டுடாத! இப்பதான் செட் பண்ணியிருக்கோம்."

உருவம் கையை இறக்கிக்கொண்டு அவளுடைய மகனாக மாறியது. ஜன்னல்களில் கறுப்புத் துணியும் அதன் மேல் போர்வைகளும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. தரையில் குந்தியிருந்த இன்னொரு பையன் ஒரு விளக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டே, "வணக்கம் ஆன்ட்டி" என்றான். மகனுடைய வகுப்புத் தோழன், கேமராவைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவன் லென்ஸ்.

இன்றைக்குத்தான் படப்பிடிப்பு என்பதை அவள் மறக்கவில்லை. ஒப்புக்கொண்டதும் அவள்தான். கல்லூரியில் திரைப்படப் பாடத்துக்கு இறுதிப் பரீட்சையாக ஆளுக்கொரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முழுப் படம் வேண்டாம், ஒரு உளவியல் திகில் படத்தின் தொடக்கம் மட்டும் போதும். "ஆரம்பத்த மட்டும் காட்டிட்டு விட்டுடணும்மா. மீதி பாக்கறவங்க மனசுல ஓடணும்" என்று மகன் விளக்கியிருந்தான். நடிக்க ஒத்துக்கொண்ட பெண்ணுக்குக் காய்ச்சல். "நீ ஒண்ணுமே நடிக்க வேணாம். உக்காந்து துணி மடிச்சா போதும்."

கதையும் அவ்வளவுதான். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து துணி மடிக்கிறாள். பின்னால் வாசலில் யாரோ நிற்கிறார்கள். அவளுக்குத் தெரியும். ஆனால் திரும்பவில்லை.

"இந்தக் கதை எங்கேர்ந்துடா கெடச்சுது?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"சும்மா தோணுச்சு."

சும்மா. அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது.

அவளுடைய கணவர் ஒரு நாளும் அவள்மேல் கை வைத்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை, மாலையானால் வீடு, குடி கிடையாது, சீட்டு கிடையாது. போன வருடம் நெஞ்சு வலித்து வேலையிடத்திலேயே அவர் விழுந்து இறந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். உண்மைதான். அவர் பேசமாட்டார். நிற்பார்.

அவள் அடுப்படியில் இருப்பாள், அல்லது துணி மடித்துக்கொண்டிருப்பாள், அல்லது பிள்ளை தூங்கிவிட்டான் என்று நினைத்துக் கொஞ்சம் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். பிடரியில் ஏதோ ஊரும். திரும்பினால் அவர் வாசலில், இடது கையை உயரத் தூக்கி நிலைச்சட்டத்தைப் பிடித்தபடி, எவ்வளவு நேரமாக என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். "என்னங்க?" என்றால், "ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்" என்பார். முதலில் அதை ஆசை என்று நினைத்தாள். பிறகு சந்தேகம் என்று நினைத்தாள். அப்புறம் எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை. திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். திரும்பாவிட்டால் இன்னும் அதிக நேரம் நிற்பார். சில சமயம் பின்னாலிருந்து, எதையோ விழுங்கினாற்போல, அடைபட்ட ஒரு சின்னச் சத்தம் வரும். அவர் தொண்டை என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரே ஒரு முறை தன் அக்காவிடம் சொன்னாள். "நின்னு பாக்கறாரா? அவ்வளவுதானா?" என்று அக்கா சிரித்தாள். "குடுத்து வச்சவடி நீ. என் வீட்டுக்காரர் நான் செத்துக் கெடந்தாக்கூட டிவியிலேர்ந்து தலையத் திருப்பமாட்டாரு." அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அடித்தார் என்றால் தழும்பைக் காட்டலாம். நின்றார் என்பதற்கு எதைக் காட்டுவது?

அவர் போனபோது அழுதாள். எல்லோரும் பார்த்தார்கள். அன்றிரவு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டித் தூங்கினாள். அதை யாரும் பார்க்கவில்லை.

"அம்மா, ரெடியா?"

மேஜைமேல் துணிக்குவியல். எதிரே கேமரா, அதன் பின்னால் லென்ஸ். பக்கத்தில் மங்கலாக ஒரே ஒரு விளக்கு. மகன் அவளுடைய முதுகுக்குப் பின்னால், வாசலில் போய் நின்றுகொண்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை, முகம் தெரியப்போவதில்லை, நானே நின்னுக்கறேன் என்றான். "நீ கண்டுக்காத. பின்னால ஆள் இருக்குன்னு தெரியும், ஆனா தெரியாத மாதிரி. புரியுதா?"

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

ஒரு சட்டையை எடுத்தாள். கையை உள்ளே மடக்கினாள். போர்வை மூடிய ஜன்னல் வழியாகப் பந்துச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. விளக்குச் சூட்டில் டேப்பின் பசை உருகும் வாடை, வேர்வை வாடை, குளிர்சாதனப் பெட்டியின் முனகல், நாற்காலி லேசாகக் கிறீச்சிடும் சத்தம். பிடரியில் ஊர ஆரம்பித்தது. அது தன் பிள்ளைதான் என்று அவளுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

"கட். நல்லா இருக்கு. இன்னொரு தடவை."

மறுபடி சட்டை. மறுபடி கை. "இன்னொரு தடவைம்மா." மடித்ததைக் கலைத்து மறுபடி குவித்தாள். ஒவ்வொரு முறையும் லென்ஸ் "செம ஆன்ட்டி, அப்படியே பயமா இருக்கு" என்றான். அவள் ஒன்றும் செய்யவில்லை. பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

எத்தனையாவது முறை என்று நினைவில்லை. அவள் ஒரு துண்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் குழாய் திறந்தது. "லென்ஸ், உனக்கும் தண்ணி வேணுமாடா?" என்று மகனின் குரல் கேட்டது.

சமையலறை அவளுக்கு முன்னால், வலது பக்கம் இருந்தது.

துண்டோடு கை நின்றது. எப்போது போனான்? எந்த வழியாக அவளைத் தாண்டிப் போனான்? கேட்டிருக்க வேண்டும், காலடி கேட்டிருக்கும், துணியிலேயே கண்ணாக இருந்ததில் கவனிக்காமல் விட்டிருப்பாள். அதெல்லாம் சரி. ஆனால் வாசல் காலியாகவில்லை. ஒரு ஆள் நிற்கும் இடத்துக்கும் யாரும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுடைய முதுகு இருபது வருடம் படித்திருந்தது.

"தம்பி" என்றாள் மெல்ல. "பின்னால யாராவது இருக்காங்களா?"

லென்ஸ் தலையைத் தூக்கி அவளைத் தாண்டிப் பார்த்தான். "இல்லையே ஆன்ட்டி." குனிந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தான். மறுபடி நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். மறுபடி திரையை. அப்புறம் கேமராவை அணைத்து மூடியைப் போட்டான்.

"இவ்வளவு எடுத்தா போதும்டா" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னான். தண்ணீரைக்கூடக் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனான்.

கல்லூரியில் திரையிட்ட அன்று நடித்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பிற்பகல் வகுப்பு. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் படம் போட்டார்கள். அவள் கடைசி வரிசையில், சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்தாள். ஒரு படத்தில் பொம்மை வந்தது. ஒன்றில் கத்தி வந்தது. ஒன்றில் பொம்மை கையில் கத்தி வந்தது. எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள், சிரித்தார்கள்.

மகனுடைய படத்துக்கு யாரும் சிரிக்கவில்லை.

சுவர் முழுக்க அவள் முகம். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. ஒரு தசைகூட அசையாத முகம். பின்னால், மங்கலில், கை உயர்த்திய உருவம். இருபது வருடமாக யாரிடமும் காட்ட முடியாதது. இதோ, ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் போடுவதற்காக.

விளக்குப் போட்டதும் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஆசிரியை, "சொல்லுங்க. என்ன தோணுச்சு?" என்று வகுப்பைக் கேட்டார்.

ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அவங்க பயப்படற மாதிரி நடிக்கல. பயந்து பயந்து சலிச்சுப்போன மாதிரி இருக்காங்க. அதுதான் என்னமோ பண்ணுது."

"ஆனா கடைசில ஒண்ணுமே நடக்கலியே" என்றான் இன்னொருவன்.

ஆசிரியை மகனைப் பார்த்தார். "எடுத்த ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லணும். அதுக்குத்தான் பாதி மார்க்கு. அந்த ஆள் ஏன் கைய மேல தூக்கி நிக்கறான்? மெரட்டறதுக்கா?"

"இல்ல மேடம்" என்றான் மகன், பெருமையாக. "எங்கப்பா அப்படித்தான் நிப்பாரு."

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியை ஒரு கணம் கடைசி வரிசைப் பக்கம் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்கு. ஆனா முடிக்கல நீ. அவங்க திரும்பணும். திரும்பறப்போ அந்த முகம் என்ன ஆகுதுன்னு எங்களுக்குத் தெரியணும். அதக் காட்டாம தப்பிச்சுட்ட. அந்த ஒரு ஷாட்ட மறுபடி எடுத்துட்டு வா."

லென்ஸ் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். படம் ஓடியபோதும் அவன் நிமிரவில்லை.

பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. மகன் ஜன்னல் பக்கம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"அப்பா அப்படி நிப்பாருன்னு உனக்கு எப்படிடா தெரியும்? நீ சின்னப் புள்ள. தூங்கிட்டு இருப்பியே."

"தூங்கிட்டா?" அவன் சிரித்தான். "நானும் கூடத்தானேம்மா இருப்பேன்."

"எங்க?"

"அப்பாவுக்குப் பின்னால. காலைப் புடிச்சுக்கிட்டு. உனக்குத் தெரியாதா?" அவளுடைய முகத்தை அவன் பார்க்கவில்லை, வெளியே கடைகளைப் பார்த்தபடி, நல்ல நினைவொன்றை எடுத்துத் துடைப்பவனைப்போலச் சொல்லிக்கொண்டு போனான். "அதான் எங்க விளையாட்டு. நீ எப்ப திரும்புவேன்னு. திரும்பாத வரைக்கும் நாங்க ஜெயிச்சுக்கிட்டே இருப்போம். எனக்குச் சிரிப்பு வந்துடும். அப்பா என் வாயப் பொத்திடுவாரு, மூச்சே விட முடியாது. இப்ப நெனச்சாக்கூடச் சிரிப்பு வருது. நீயும் விளையாட்டுக்குத்தானேம்மா திரும்பாம இருந்த?"

தொண்டை இல்லை. அது அவர் தொண்டை இல்லை.

"ஏம்மா, தெரிஞ்சுதானே இருந்த?"

"ம்" என்றாள்.

வேறு என்ன சொல்ல? அவன் தன் தகப்பனிடமிருந்து எடுத்துவைத்திருந்த ஒரே சந்தோஷம் அது. அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, இது என்ன தெரியுமா என்று காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதே சமயம், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்போல இருந்தது. தள்ளியும் உட்கார்ந்தாள். அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி ஜன்னல்களில் போர்வை ஏறியது. லென்ஸ் வரவில்லை.

"போன் பண்ணினேன். நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்கறான்" என்றான் மகன் எரிச்சலோடு. "ஏன்னு கேட்டா, எடுத்ததையெல்லாம் பெருசாப் போட்டுப் பாருங்கறான். பாத்தாச்சு. என்ன இருக்கு அதுல? நான்தான் நிக்கறேன். பரவால்ல, ஒரு ஷாட்டுதானே. காலேஜ் கேமரா இருக்கு, அத வச்சுட்டு நானே போய் நின்னுக்கறேன்."

"இன்னிக்கு வேணாமே கண்ணு. தலை வலிக்குது."

"நாளைக்குக் குடுக்கணும்மா. ஒரே ஒரு தடவை. நான் சொன்னதும் திரும்பு. அவ்வளவுதான்."

மறுக்க அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸில் சொன்ன அந்த ஒற்றை 'ம்'மைத் திரும்பப் பெற வேண்டும். உட்கார்ந்தாள்.

துணிக்குவியல். விளக்கு. கேமராவை நேர் எதிரே மேஜைமேல் வைத்து, தான் நிற்கும் இடம் சரியாக விழுகிறதா என்று வாசலிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதியாக, அதன் சின்னத் திரையை முன்பக்கமாகத் திருப்பிவிட்டான் மகன். திரையில் தீப்பெட்டி அளவுக்கு அவள் முகம் தெரிந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. அவனுடைய காலடி அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. நின்றது.

"நான் சொல்ற வரைக்கும் திரும்பாத."

"சரி."

சட்டையை எடுத்தாள். வெளியே இன்றைக்குப் பந்துச் சத்தம் இல்லை. அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி அடுக்கும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டு அதுவும் ஓய்ந்துபோக, குளிர்சாதனப் பெட்டி ஒரு குலுக்கலோடு அடங்கிவிட, வீட்டுக்குள் மிச்சமிருந்தது துணியின் சரசரப்பும், அவளுடைய மூச்சும், பின்னால் இன்னொரு மூச்சும் மட்டும்தான். பிள்ளையின் மூச்சு. சளி பிடித்தால் எப்படி இழுக்கும், ஓடிவந்தால் எப்படி இரைக்கும் என்று பிறந்த நாளிலிருந்து கேட்ட மூச்சு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மடித்தாள். இன்னொரு கையை மடித்தாள்.

அவன் சொல்லவில்லை.

சட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நேரம் எடுத்துக்கொள்கிறான். பாக்கறவங்களக் காக்க வைக்கணும்மா என்பான். காத்தாள். துண்டு. தலையணை உறை. பிடரியில் ஊர்வது தோளுக்கு இறங்கியது.

மூச்சு நின்றது.

நின்றதா? இல்லை. மாறியது. மூக்கால் மட்டும், அவசரமாக, குட்டி குட்டியாக. அப்புறம் அதுவும் இல்லை.

"கண்ணு?"



"சொல்லுடா. திரும்பட்டுமா?"

விழுங்கினாற்போல ஒரு சத்தம். அடைபட்ட, சின்னச் சத்தம்.

கை அசையவில்லை. தலையணை உறை பாதி மடிந்து நின்றது. திரும்பக் கூடாது. திரும்பினால் முடிந்துவிடும். இல்லை, திரும்பாவிட்டால் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். பிள்ளை இருக்கிறான் அங்கே. அவளுடைய பிள்ளை. திரும்ப வேண்டும்.

கழுத்து கேட்கவில்லை.

கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

எதிரே சின்னத் திரை. அதில் அவள் முகம், ஒரு தசைகூட அசையாமல். தோளுக்கு மேலே வாசல். வாசலில் அவன் நின்றான். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் நிலைச்சட்டத்தின் மேல்பக்கத்தில் ஒரு கை இருந்தது. அவனைவிட உயரத்திலிருந்து வந்த கை. அவன் தலைக்குப் பின்னாலிருந்த இருட்டு அவனைவிட அகலமாக இருந்தது.

இன்னொரு கை அவனுடைய வாயைப் பொத்தியிருந்தது. மூக்கையும் சேர்த்து.

பொத்திய உள்ளங்கைக்கு மேலே மகனின் கண்கள் அவளையே பார்த்தன. நீர் முட்டி, பளபளத்து, இப்போது திரும்பிவிடுவாள், இதோ திரும்பிவிடுவாள் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு.